லாபம் சொல்லாத ஐப்பசி

எங்கள் வீட்டில் கச்சாயம் சுடுவதற்குத் தீபாவளி வரவேண்டும் என்பதில்லை. வடக்கேயிருந்து ஒரு குருவி வந்தால் போதும். விடிந்தும் விடியாமலும் வாசலில் "லாபம்" என்று ஒரு குரல் கேட்கும். அன்றைக்கு நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியாக வேண்டும். அரிசி ஊறவைக்கவில்லை, வெல்லம் தீர்ந்துவிட்டது, குருவிக்கெல்லாம் பலகாரம் சுடுகிற வீடு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நானும் கத்திப் பார்த்திருக்கிறேன். மனுஷன் காதில் வாங்கினால்தானே.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். பறித்துக்கொண்டு வருகிற காப்பிப் பழத்தைக் களத்தில் நின்று அளந்து கணக்குச் சொல்வது அவர் வேலை. அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டார். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். ராகி அளந்தாலும் நெல் அளந்தாலும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். எடுத்த எடுப்பில் ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடுமோ என்று ஒரு பயம். அந்தப் பழக்கத்தைக் களத்தோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். குருவி எண்ணும்போதும் அவருக்கு லாபம்தான்.

குருவி எண்ணுகிற பைத்தியம் அவருக்கு எப்போது பிடித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கட்டிக்கொண்டு வந்தபோதே பிடித்திருந்தது. வாலாட்டி, ஆறுமணிக்குருவி என்று மழைக்காலத்தில் வெளியூரிலிருந்து வருகிற எல்லாவற்றையும் எண்ணுவார். ஆனால் உயிர் அந்தக் கதிர்க்குருவி மேல்தான். சுண்டைக்காய்க்குக் காலும் வாலும் முளைத்த மாதிரி இருக்கும். பச்சையா பழுப்பா என்று சொல்லமுடியாத ஒரு நிறம். இமயமலைப் பக்கத்திலிருந்து கிளம்பி, ஐப்பசி வாக்கில் எங்கள் மலைக்கு வந்து, சில்வர் ஓக் உச்சியில் பூச்சி பொறுக்கித் தின்றுவிட்டு, வெயில் காலத்தில் திரும்பிப் போய்விடும். இலையோடு இலையாக அத்தனை உயரத்தில் இருப்பதைக் கண்ணால் எண்ண முடியாது. காதால்தான் எண்ணவேண்டும். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தால் ஒரு கீச்சு வருமே, அதில் பாதிதான் அதன் குரல்.

சேலத்திலிருந்து ஒரு டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வருடாவருடம் பறவை எண்ணுவதற்கு மலையேறி வருவார்கள். முதல் வருடம் இவர் எண்ணிக்கை சொல்லச் சொல்ல அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். இவர் சொன்னதைவிட அவர் கணக்கில் ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணியும் குறைந்தது. கடைசியில் பார்த்தால், முதலில் சொன்ன லாபம் ஏதோ சாமி கும்பிடுவது போல என்று நினைத்து அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லையாம். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவர் தனியாக எண்ணியதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கூட இருப்பார். எங்கள் ஆட்கள் கீழேயிருந்து எஸ்டேட் வேலைக்கு ஏறி வந்தவர்கள். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த மலையிலேயே சாமையும் ஆரஞ்சும் காப்பியும் வைத்துப் பிழைத்தவர்கள். மாரமங்கலம் ரோட்டில் நாங்கள் கொஞ்சம் இடம் வாங்கி வீடு கட்டியபோது வேலி தாண்டி முதலில் வந்து எட்டிப் பார்த்தவர் அவர்தான். அதிலிருந்து தினமும் காலையில் வந்துவிடுவார். கல்லுக்கட்டின் மேல் இரண்டு பேரும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுபோய் வைக்கவேண்டும். பேச்சும் பெரிதாக இருக்காது. தோட்டத்துக்காரர் அதிகம் பேசாத மனுஷர். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு பேரும் நடந்தே போவார்கள், நடந்தே வருவார்கள். வழியில் என்னதான் பேசுவீர்கள் என்று ஒருதடவை கேட்டேன். எதுக்குப் பேசணும் என்று திருப்பிக் கேட்டார் என் வீட்டுக்காரர்.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கோடையில் தோட்டத்துக்காரர் தன் சில்வர் ஓக் மரங்களை வெட்டினார். அவர் மிளகுக் கொடிகளுக்கு வாடல் வந்து எல்லாம் காய்ந்துபோயிருந்தது. கொடி இல்லாத மரத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? வியாபாரி லாரியோடு வந்து அறுத்துக்கொண்டு போனான். மெஷின் சத்தம் நிற்கிற வரைக்கும் என் வீட்டுக்காரர் வாசலிலேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பிறகு வேலியோரம் போய் நின்று, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லிவிட்டு வெட்டக்கூடாதா, அந்த உச்சியில்தானே அவை வந்து இறங்கும் என்று சத்தம் போட்டார். அவர் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஒரு டம்ளர் காப்பிதான் செலவானது.

அந்த ஐப்பசியில் லாபம் வரவில்லை. வாலாட்டி வந்து வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது. ஆறுமணிக்குருவி காலையும் மாலையும் விசிலடித்தது. கதிர்க்குருவியை மட்டும் காணோம். எங்கள் தோட்டத்திலும் மிளகு ஏற்றிய சில்வர் ஓக் மரம் இருக்கிறதே, இங்கே வரலாமே என்று நான் சொன்னதற்கு, பக்கத்தில் வெட்டவெளியாகக் கிடந்தால் அது பயந்து ஒதுங்கிப் போய்விடும் என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார். தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வருவார். சோறு இறங்கவில்லை. சில்வண்டுகூட இந்த வருசம் கத்தலை, இந்த மலையே செத்துப்போச்சு என்றார் ஒருநாள். காலம் கெட்டுக் கிடக்குதுங்க என்று நானும் ஒத்து ஊதினேன். அடுப்படியில் இருக்கிறவளுக்குச் சில்வண்டு கத்தினால் என்ன, கத்தாவிட்டால் என்ன?

அந்த மாதக் கடைசியில் காய்கறி வாங்க இரண்டு பேரும் ஒண்டிக்கடை முக்குக்குப் போயிருந்தோம். தோட்டத்துக்காரர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் சிரித்தபடி ஒரு எட்டு முன்னால் வந்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்ததைக்கூட என் வீட்டுக்காரர் பார்க்கவில்லை.

"உங்களாலதானுங்க குருவி வரலை. வாயில்லாத சீவனோட ஊட்டைப் பிரிச்சு வித்துப் போட்டீங்க. இனி என்ற வாசப்படி மிதிக்காதீங்க."

அவர் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தது. என்னவோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "சரிங்க ரைட்டரே" என்றார், அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப்போய்விட்டார். தப்புச் செய்தவர், அதனால்தான் பேச வாய் வரவில்லை என்று நானும்தான் நினைத்தேன்.

அதற்கடுத்த ஐப்பசியும் அப்படியே போனது. இங்கே ஒன்றும் இல்லை, வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டீச்சரம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டார். அந்தத் தையில் தோட்டத்துக்காரர் இறந்துபோனார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பறை அடிக்கிறது, சங்கு ஊதுகிறது, என் வீட்டுக்காரர் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். எந்திரிங்க, பகையாளி சாவுக்குக்கூடப் போறதில்லீங்களா என்று கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பு சாமானியமில்லை. தனியாகத்தான் போனேன். ரைட்டரு வரலீங்களா என்று கேட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்றேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் ஒரே ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் சீக்கிரமே வந்துவிட்டேன்.

இந்த வருடம் தீபாவளிக்கு மகள் வந்தாள். வெளியூரில் வேலை. இரண்டு மூன்று வருடமாக இந்தப் பருவத்தில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, பொங்கலுக்குத்தான் வந்துபோவாள். வந்த மறுநாள் காலையில் நான் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம் போலக் கல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். மகள் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் படியிலேயே நின்றாள். தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, லாபம்!"

அவர் திரும்பிப் பார்த்தார். "மிளகுலயா சாமி? எங்க லாபம்? மருந்தடிச்ச கூலிக்கே கட்டலை."

அவள் கேலி என்று நினைத்துச் சிரித்தாள். "லாபம்ப்பா" என்று மரத்தைக் காட்டினாள்.

அவரும் அண்ணாந்து பார்த்தார். "ஆமாங்கண்ணு, அந்தக் கொடியில மட்டுந்தான் நாலு காய் நிக்குது" என்றார். மேலே, அவர் தலைக்கு நேர் மேலே, அந்தக் கதிர்க்குருவி விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தம் எனக்குப் புதிதா என்ன? போன வருடமும் இதே குழாயடியில் கேட்டதுதான். அதற்கு முந்தின வருடமும் கேட்டதுதான். எனக்கு எல்லாக் குருவியும் ஒன்று. அவர் லாபம் என்று சொன்னால்தான் வந்திருக்கிறது என்று தெரியும். அவர் சொல்லாத குருவி எனக்குக் குருவியாகவே படவில்லை. அவருக்குக் காது மந்தம் என்பதும் தெரியாமல் போனதற்கு என் தொண்டைதான் காரணம். நான் பேசுவது நாலு தோட்டத்துக்குக் கேட்கும். ஆறுமணிக்குருவியின் விசிலும் அப்படித்தான், அதனால் அது அவருக்குக் கேட்டது. மெல்லிசான சத்தம் மட்டும் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிருக்கிறது. சில்வண்டும் போயிருக்கிறது. அதை மலை செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் இரண்டு வருடம் துக்கம் காத்திருக்கிறார்.

மகள் அடுப்படிக்கு வந்தாள். இதற்கு ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொள்கிறாய், வயசானால் வருவதுதான், சேலத்தில் நல்ல டாக்டரிடம் காட்டலாம், மெஷின் வைத்தால் எல்லாம் கேட்கும், இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"குருவி வந்துட்டுத்தான் இருக்குதுன்னா, உங்கப்பன் எதுக்குச் சாவுக்குப் போகலை? அப்படின்னு அவரே கேட்டா நீ என்ன பதில் சொல்லுவே?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்துக்காரர் தோளில் உட்கார்ந்து கோயிலுக்குப் போன பிள்ளை அவள். அழுதாள். சொல்லவேண்டாம் என்று நானும் அவளும் அங்கேயே முடிவு செய்தோம். குருவி வரவில்லை என்ற வருத்தத்துக்கு அவர் பழகிவிட்டார். மற்றது அவரைக் கொன்றுவிடும் என்று எனக்குப் பயம். அவள் ஊருக்குப் போகும்போது காது டாக்டர் பேச்சையே எடுக்கவில்லை.

நாம் மூடி வைத்தால் ஆயிற்றா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். இந்தப் பக்கமாகத்தான் வந்தோம், சும்மா ஒருதடவை பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். பார்க்க என்னங்க இருக்குது என்று சொல்லியபடியே என் வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர்கள் உட்காரவில்லை. மரத்தடியில் நின்றார்கள். இரண்டு பேருக்கும் எண்ணும்போது பேசுகிற பழக்கம் கிடையாது, விரலை மடக்குவதோடு சரி. நான் நிலைப்படியில் நின்றேன்.

டீச்சரம்மா ஒரு விரலை மடக்கினார். கொஞ்சம் நின்று இன்னொரு விரல். அவர் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்து மரத்தைப் பார்த்துத் தலையாட்ட, இன்னொன்று. என் வீட்டுக்காரர் அந்த விரல்களைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். திரும்ப விரல்களைப் பார்த்தார். நாலாவது விரல் மடங்கியபோது அவர் கை தானாக ஏறித் தன் காதைத் தொட்டது. அவர் முகத்தில் அப்போது இருந்ததை நான் பார்த்திருக்கவே வேண்டாம். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கொய்யாப் பழம் பறித்துப் பையில் போட்டுக் கொடுத்து, ரோடு வரைக்கும் கூடப்போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்து என் முன்னால் நின்றார்.

"வந்திருக்குதா?"

"வந்திருக்குதுங்க."

"போன வருசம்?"

"வந்துதுங்க."

"அதுக்கு முந்தி?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளே போனார். வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டபடி வந்தார். எங்கே கிளம்பிவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை மாசம் கழித்துத் துக்கம் கேட்க யாராவது போவார்களா, தோட்டத்துக்காரர் சம்சாரம் நாலு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றேன். கேட்டால் வாங்கிக்கொள்கிறேன், நீ வா என்றார்.

துக்கம் நடந்த வீட்டுக்குப் போனால் வாங்க என்று கூப்பிடமாட்டார்கள். நாமும் கிளம்பும்போது போய்ட்டு வர்றோம் என்று சொல்லக்கூடாது. தோட்டத்துக்காரர் சம்சாரம் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். வாங்க என்று அவள் சொல்லிவிட்டால் நாங்கள் வெறும் விருந்தாளி. அவள் சொல்லவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். இத்தனை மாதம் கழித்து வந்ததையும் துக்கத்துக்கு வந்ததாகவே எடுத்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது.

அவர் உட்காரவில்லை. துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவரு மேல தப்பில்லைங்கம்மா. குருவியெல்லாம் வந்துட்டுத்தான் இருந்துருக்குது. எனக்குத்தான் காது கேக்கலை."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற எனக்கே கூர்ந்து கேட்டால்தான் கேட்கும் என்கிற மாதிரி பேசினாள்.

"அவருக்குத் தெரியுமுங்கண்ணா. மரத்தை வெட்டறதுக்கு நொம்ப முன்னயே தெரியும். காலையில அவரு தலையைத் தூக்கி மேல பார்த்தாத்தான் நீங்க லாபம்னு சொல்லுவீங்களாமா. ஒண்டிக்கடையில நீங்க பேசின அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சோறு திங்கலை. வாயத் தொறந்து சொல்லீட்டு வர்றதுக்கென்னன்னு நாந்தான் சண்டை போட்டேன். மரத்தாலதான் போச்சுன்னே இருக்கட்டும் புள்ள, காது போயிருச்சுன்னு தெரிஞ்சா ரைட்டரு ஒடைஞ்சு போயிருவாரு, என்னைத் திட்டினாத் திட்டீட்டுப் போறாரு அப்படின்னாரு."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லுது அந்தப் புள்ள?"

மனம் ஆறுகிற மாதிரி எதையாவது சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. போனது போகட்டும் என்று சொல்கிறாள் என்றால் நம்பிவிடுவார். அந்த மனுஷன் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார், நானும் மறைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடுத்த நொடியே தோன்றியது. கிட்டே போய் அவர் காதோரம், அவள் சொன்ன அதே வார்த்தைகளை, ஒன்றையும் விடாமல் உரக்கச் சொன்னேன். அடுத்த வளவில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடாலியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அவருக்கு ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் கேட்டிருக்கும். துண்டு கீழே விழுந்ததை எடுக்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

நான் திரும்பவும் சொன்னேன்.